ஐந்தாவது படம்

தியேட்டர் வாசலில் கச்சான் கடலை வறுக்கும் மணம் மூக்கில் ஏறியதும் இன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வருடத்தின் கடைசி நம்பிக்கையும் இரண்டரை மணித்தியாலத்தில் மண்ணாய்ப் போயிருந்தது. "என்ன கறுமமடா இது?" என்று உன்னிடம் கேட்கத் திரும்பினேன். பக்கத்தில் யாரோ ஒரு அக்கா நின்றார். நல்லகாலம், வாயைத் திறக்கவில்லை.

பத்திரிகைக்கு நாளைக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். நாம் இருவரும் மானிப்பாயிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, வாதாடி அடிபட்டுத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் எழுதிவந்த அதே ஐந்து படப் பட்டியல். இந்த முறை நான் தனியே. கதாநாயகன் நடந்து வரவே கால்மணி நேரம் எடுத்த வருடம் இது. தட்டித்தடவி நாலு தேறியிருக்கின்றன. அவற்றிலும் எனக்குச் சந்தேகம். பஸ் கண்டக்டர் ஒருவனின் படம் பிடித்தது நல்ல படம் என்பதாலா, சுருக்காக முடித்து வீட்டுக்கு விட்டதாலா? தையல் மெஷினுக்காகச் சகோதரிகள் இருவர் சண்டை பிடிக்கும் படம் பிடித்தது, அதற்கு முதல்நாள் பார்த்த படம் அவ்வளவு மோசம் என்பதாலா?

இந்தச் சந்தேகப் புத்தி உன்னிடமிருந்து தொற்றியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்த நாளிலேயே போதகரின் பிரசங்கத்தைக்கூட நீ லேசில் நம்பமாட்டாய். "அழப்பண்ணின படத்தை மூண்டு நாளைக்கு நம்பாதை" என்பாய். மூன்று நாள் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அதற்குப் பிறகும் மனதில் நின்றால்தான் பட்டியல். அந்தச் சட்டத்தை நீ மீறியதேயில்லை.

இந்தப் பங்குனியில்தான் முதல்தரம் மீறினாய். இடைவேளையோடு வெளியேற நான் எழும்பினேன். "இரடா, முடியட்டும்" என்று கையைப் பிடித்து இருத்தினாய். வெளியே வந்து கண்ணைத் துடைத்தபடி சொன்னாய்: "நல்ல படம், மச்சான். இந்த வருசத்து முதலாவது இதுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. படம் படு சுமார்.

"உனக்கென்ன விசரே? மூண்டு நாளாலை கதைப்பம்."

"ஓம், ஓம், கதைப்பம்" என்று சிரித்தாய்.

மூன்றாம் நாள் நீ தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நோய் முற்றிவிட்டதென்று உனக்கு மாசியிலேயே தெரியுமாம். உன் மனைவி பிறகுதான் சொன்னா. நீ கட்டிலில் கிடந்துகொண்டு, "இப்ப சொல்லு, படம் எப்பிடி?" என்றாய்.

"ஓம், நல்ல படம்தான்" என்றேன்.

நீ என்னை உற்றுப் பார்த்தாய். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு ஒரு படத்தைப் பற்றியும் நீ கதைக்கவில்லை.

பத்திரிகையில் இருக்கும் தம்பி நேற்று போனில் சொன்னான்: "அஞ்சாவதா அதைப் போடுங்கோவன் சேர். உங்கடை சிநேகிதர் கடைசியாப் பாத்த படமெண்டு எழுதினா ஆக்கள் அழுவினம்." எரிச்சல் வந்தது. ஆனால் ஆசையும் வந்தது, மறைப்பானேன். போன கிழமைதான் அதை வீட்டில் இன்னொருதரம் தனியே பார்த்திருந்தேன். மூன்று நாள் பொறுத்தும் பார்த்தேன். முதல் தரம் கண்ட ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. நாலு படத்தோடு நிறுத்தி எழுதிவிட்டேன்.

நல்ல படமில்லையடா. அதை அந்தக் கட்டிலடியில் நான் சொல்லியிருந்தால் நீ எழும்பி இருந்து என்னை ஏசியிருப்பாய். இரண்டு பேரும் பழையபடி அடிபட்டிருப்போம். நோயாளிக்குச் சொல்லும் வார்த்தையைச் சொன்னேன். அந்த நிமிடமே, உயிரோடு இருந்த உன்னை நான் செத்துப்போனவனாக்கிவிட்டேன். நீ அதைக் கண்டும் விட்டாய்.