மூன்றாவதாகப் போட்ட நோவு

உம்மா,

இன்று காலை என் மேசைக்கு ஒரு லீவு விண்ணப்பம் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தாள். பர்ஸ்ட்லி, செக்கண்ட்லி, தேர்ட்லி என்று மூன்று காரணம். அதற்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். உங்கள் மகன், என் நானா, சவூதியில் வேலை. உங்களுக்கு நெஞ்சு நோவு, கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கும். மகனைப் பார்க்க விருப்பமென்றால் சுணங்காமல் கூப்பிடச் சொன்னார் கல்முனை டொக்டர். நானாவுக்கு எழுதும்போதெல்லாம் சுகம் என்றே எழுதவைத்தீர்கள். அவருடைய கம்பெனிக்கு ஆங்கிலத்தில் லீவுக் கடிதம் எழுதவும், அதில் நோவைச் சேர்க்கவும் நான் அழுது அடம்பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை மீறி நீங்களே வரிசை சொன்னீர்கள்.

“முதலாவது ராத்தாட கலியாணத்தப் போடு மகள். ரெண்டாவது வீடு கட்டுற வேலையப் போடு. என்ட நோவக் கடைசில போடு.”

இங்கிலீசில் அப்படி இல்லை என்று சண்டை பிடித்தேன். பெரிய காரணம்தான் முதலாவதில் நிற்க வேண்டும், படிக்கிறவன் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவான் என்று வகுப்பில் படித்ததையெல்லாம் சொன்னேன். நீங்கள் அசையவில்லை. வீட்டில் உனக்கு மூத்தவள் கலியாணமாகாத குமராக இருக்கையில் அவளுக்கு முந்தி இன்னொருவர் கதையை எடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டீர்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிக்கும்வரை எங்கள் ஊர் உம்மாமாருக்கு நோய் வரவும் உரிமையில்லை. சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.

கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. தங்கையின் கலியாணத்துக்கு லீவு உண்டு, தேதியை அறிவிக்கவும் என்று. உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுபடி எழுதுகிறேன் என்றேன். கேட்ட லீவு கிடைத்தாயிற்று, பிறகென்ன என்று சந்தோசமாகச் சொன்னீர்கள். வீடு முடியாமல் தேதி வைக்க ஏலாது. கூரைக்கு ஓடு ஏற்றிக்கொண்டிருந்த கிழமையில் நீங்கள் மௌத்தானீர்கள். அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நானாவுக்குத் தந்தி கிடைத்ததே மறுநாள்தான்.

கம்பெனிக் கோப்பில் என் கடிதத்தை அவர் அதன் பிறகுதான் பார்த்திருக்கிறார். கலியாணத்துக்கு வந்தவர் புது வீட்டு வாசலில் வைத்து என்னிடம் கேட்டார்.

“உம்மாவ ஏன் மூணாவதாப் போட்டாய்?”

நீங்கள் சொன்னதைச் சொன்னேன். அவர் உள்ளே போய் மாப்பிள்ளை வீட்டார் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

எனக்கு உங்களோடு இன்னும் கோபம்தான் உம்மா. கொழும்பிலிருந்து மகள் போன் எடுத்துச் சுகம் கேட்டால், சலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு என் முழங்கால் நோவைச் சொல்கிறேன். பிறகு பிரஷரைச் சொல்கிறேன். ஒருக்கா என்னையும் கேளுங்களன் உம்மா என்று அவள் சிரிக்கிறாள். முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.