ஜன்னல் வைத்த மாஸ்க்

ஏப்ரல் 2, வியாழன்

இன்றிலிருந்து வாய் தெரியாத உலகம். காலையில் பேக்கரி ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வந்தவர் முகத்தில் கைக்குட்டை. அடுத்தவருக்கு நீலத் துணி. அதற்கடுத்த அம்மாள் சால்வையை மூக்குவரை இழுத்து விட்டிருந்தார். எல்லோரும் கண்ணை உருட்டி என்னையே பார்க்கிறார்கள். பேசுகிறார்களா, இருமுகிறார்களா, திட்டுகிறார்களா, ஒன்றும் தெரியவில்லை.

காய்ச்சல் என் காதைக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு மற்றவர்கள் உதட்டைப் பார்த்தே படித்தேன், வேலையில் சேர்ந்தேன், சண்டை போட்டேன். இப்போது தொற்று வந்து அந்த உதடுகளையும் மூடிவிட்டது. மூடத்தான் வேண்டும், தெரியாமல் இல்லை. ஆனால் நான் எங்கே போவேன்?

ஒருவர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று பன் எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது மூன்று கிலோ கேக்காம்.

ஏப்ரல் 4, சனி

முதலாளியம்மா தள்ளி நின்று மாஸ்க்கை இறக்கி, "கொஞ்ச நாளைக்கு நீ உள்ள பேக்கிங் பாரு. கோவிச்சுக்காதே" என்றார்.

கோபமில்லை. இல்லவே இல்லை.

பொய்.

உள்ளே, அடுப்புப் பக்கம், மீசை இருக்கிறார். ரொட்டி சுடுபவர். நான் வைத்த பெயர்தான் மீசை. வேறு எப்படிக் கூப்பிடுவது? கூரையை இறக்கிக் கட்டினதுபோல் அது இரண்டு உதட்டையும் மறைத்துத் தொங்கும். இத்தனை வருஷத்தில் அவர் பேசி நான் ஒரு சொல் படித்ததில்லை. தலையாட்டல், கட்டை விரல், அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை. இப்போது மீசைக்கு மேல் மாஸ்க் வேறு. பூட்டுக்கு மேல் பூட்டு.

ஏப்ரல் 7, செவ்வாய்

வீட்டில் எல்லோருக்கும் மாஸ்க் தைக்க அண்ணி உட்கார்ந்துவிட்டார். பழைய தலையணை உறை, இரண்டு மடிப்பு, நடுவில் மூன்று கொசுவம். காதில் மாட்ட எலாஸ்டிக் ஊரிலேயே இல்லை. அண்ணியின் பார்வை மெல்லக் கொடியில் காய்ந்த அண்ணனின் ஜட்டிமேல் போனது. அண்ணன் ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

கடைசியில் நாடா வைத்துப் பின்னால் முடிச்சுப் போடுவது என்று முடிவானது. அண்ணன் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, அதைக் கழுத்துக்கு இறக்கினான். "கொள்ளுப் பை மாட்டின குதிரை மாதிரி இருக்கேன்."

"முன்னாடி மட்டும் எப்படி இருந்தீங்களாம்?" இது அண்ணி.

வீட்டுக்குள்ளாவது எல்லோருக்கும் வாய் இருக்கிறது. அண்ணிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

ஏப்ரல் 12, ஞாயிறு

குளியலறையில் அழுதுகொண்டிருந்தேன். என் அழுகை எவ்வளவு சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அண்ணி கதவை ஆட்டி ஆட்டித் திறக்க வைத்துவிட்டார்.

"என்னடி ஆச்சு?"

"எனக்கு வாய் வேணும் அண்ணி."

"ஊருக்கே கேக்குற வாய் உனக்கு இருக்கே."

"என் வாய் இல்ல. மத்தவங்க வாய். உள்ள ஒக்காந்து ரஸ்க் கட்டிக்கிட்டே இருந்தா நான் ஒண்ணுக்கும் உதவாதவளா ஆயிடுவேன். அப்புறம் முன்னாடி கூப்பிடவே மாட்டாங்க."

அண்ணி என் முகத்தைத் துடைத்துவிட்டு யோசித்தார். "ரவிக்கைக்கு முதுகுல ஜன்னல் வைக்கிறோம். மாஸ்க்குக்கு வாயில ஜன்னல் வச்சா என்ன?"

அழுதவள் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பீரோவில் எதையோ தேட ஆரம்பித்திருந்தார்.

ஏப்ரல் 13, திங்கள்

சட்டை வரும் அட்டைப் பெட்டியின் கண்ணாடி மூடி இருக்கிறதே, அந்த பிளாஸ்டிக்கை நறுக்கி நேரே துணியோடு வைத்துத் தைத்தோம். ஊசி குத்திய வரிசையிலேயே அழகாகக் கிழிந்து கையோடு வந்தது. பிறகு ஓரத்துக்குத் துணிப் பட்டி மடித்து, அந்தப் பட்டியோடு சேர்த்துப் பெரிய தையலாகப் போட்டோம். நின்றது.

அண்ணி கட்டிக்கொண்டார். பல்லைக் காட்டினார். தெரிந்தது! மூச்சு விட்டார். அண்ணியின் வாய் மூடுபனிக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 15, புதன்

அண்ணன் ஒரு வேலை உருப்படியாகச் செய்தான். மாஸ்க் போட்டால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று பாத்திரம் துலக்கும் சோப்பை மெல்லிசாகத் தடவிக் காயவைத்துத் துடைக்கிறானாம். அதையே ஜன்னலுக்கும் செய்தோம். மூக்குப் பக்கம் அழுத்தி வைக்க ரொட்டிப் பை கட்டும் கம்பியைச் செருகினேன். அது மட்டும் என் யோசனை.

ஜன்னல் வழியாக அண்ணி பேசிய முதல் வாக்கியம்: "சோப்பு நாத்தம் தாங்கலடி."

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்ததில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார்.

ஏப்ரல் 18, சனி

முதலாளியம்மாவுக்கு ஒன்று கொண்டுபோனேன். கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "இரு, லிப்ஸ்டிக் போட்டுட்டு வரேன்" என்று போய்விட்டார்.

திரும்பி வந்து, "எனக்கு மட்டும் ஜன்னல் இருந்து என்ன பண்றது? வாங்க வர்றவங்களுக்கு வேணாமா?" என்றார். வாடிக்கைக்காரர்களுக்கு ரொட்டியோடு ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுப்பதாம், தினமும் துவைத்துக் கட்டிக்கொண்டு வரச் சொல்வதாம். துணி அவர் பொறுப்பு, தையல் எங்கள் பொறுப்பு.

அண்ணி மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணன் நாடா வெட்டுகிறான். கோணல்.

ஏப்ரல் 27, திங்கள்

மறுபடி கவுண்டர்!

பெரியவர் ஒருவர் மாஸ்க் வந்த நாளிலிருந்து பல்செட்டைக் கழற்றி வைத்து நிம்மதியாக இருந்தாராம். ஜன்னல் வந்ததும் மருமகள் மறுபடி மாட்டி அனுப்பிவிட்டாள். "உன்னாலதான்மா" என்று ஒரு முறை முறைத்தார். இன்னொருவர் மனைவியிடம் மெல்ல, "நேத்து ரொட்டி செருப்பு மாதிரி இருந்துச்சு" என்றார். "இன்னைக்கு மெத்துன்னு இருக்கும் சார்" என்றேன். மனிதர் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓடியே போனார்.

எல்லாம் சரியாகப் படிக்கிறேன் என்று சொல்ல முடியாது. உதட்டுக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான். அம்மா என்றாலும் அப்பா என்றாலும் ஒரே அசைவு. "பன் குடுங்க" என்பதும் "மண் குடுங்க" என்பதும் எனக்கு ஒரே வாய். பேக்கரிக்கு மண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பதால் பிழைப்பு ஓடுகிறது.

மே 5, செவ்வாய்

மீசைக்கும் ஒன்று கொடுத்தேன். விட்டுவிட்டால் நன்றாக இருக்காதே. கட்டிக்கொண்டார். ஜன்னல் முழுக்க மீசை. தைத்த மாஸ்க் மூட்டையோடு வந்திருந்த அண்ணி, "கரடி குகையிலேர்ந்து எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் மீசைக்குக் காது கேட்குமே! கேட்டுவிட்டது. ஒரு தட்டைத் தூக்கி அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாவமாக இருந்தது.

மே 6, புதன்

அடுப்புப் பக்கம் யாரோ புது ஆள். முதலாளியம்மாவிடம் போய், "மீசை இன்னைக்கு வரலையா?" என்று கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புது ஆள் திரும்பினார். மேலுதட்டில் மட்டும் வெயிலே படாத நிறம். ஜன்னலுக்குள் ஒரு வாய். கீழுதட்டின் ஓரத்தில் சின்ன மச்சம்.

"இப்ப தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது.

மே 20, புதன்

அப்பப்பா, என்ன பேச்சு! ஈஸ்ட் எப்போது கோபித்துக்கொள்ளும், அவர் அம்மாவின் முட்டிவலி, மாடியில் குட்டி போட்ட பூனை, பக்கத்து வீட்டுக்காரன் பாட்டுப் பழகும் கொடுமை... இத்தனையையும் இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்?

"இதுக்கு முன்னாடி எப்பவாவது என்கிட்ட பேசியிருக்கீங்களா?" என்று சும்மா கேட்டேன்.

"தினமும்" என்றார். "காலையில 'வாங்க, சாப்டீங்களா'ன்னு கேப்பேன். நீங்க தலையாட்டிட்டுப் போவீங்க."

வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமுமா?

மே 24, ஞாயிறு

அவருக்கு விடுமுறை. ரொட்டி சுமார்.

ஜூன் 19, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது.

மதியம் கூட்டம் குறைந்த நேரம். பின்வாசல் நிலையில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கை அசைத்தார். தள்ளி நின்றே சொன்னார். நான் படித்தது: "ரொம்ப முடிச்சிருக்கு."

கையைப் பின்னால் கொண்டுபோய் என் மாஸ்க் நாடாவைத் தடவிப் பார்த்தேன். "எங்க? ஒரு முடிச்சுதானே போட்டேன்?"

அவர் மறுபடி சொன்னார். மறுபடி அதே. நான் நாடாவை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டேன். "சிக்கிக்கிச்சா? நீங்களே பாத்துச் சொல்லுங்க!" என் குரல் கடை முழுக்கக் கேட்டிருக்கும். அவர் முகம் அடுப்பு மாதிரி சிவந்துவிட்டது.

முதலாளியம்மா கல்லாவிலிருந்து ஓடி வந்தார். சிரிப்பில் பேச முடியவில்லை. பில் தாளைக் கிழித்து ஒரே ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதி என் முன் நீட்டினார்.

பு.

பு? புடிச்சு... ஐயோ.

மாஸ்க் எவ்வளவு நல்ல பொருள் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. என்னுடையதில் ஜன்னல் கிடையாது. அதற்குள் என் முகம் என்னென்னவோ செய்தது, ஒருவருக்கும் தெரியாது.

அவர் போய்விடப் பார்த்தார். விடுவேனா?

"எனக்கும் முடிச்சிருக்கு" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். வாசலில் இடைவெளிக்காகப் போட்ட வட்டங்களில் நின்றிருந்த நாலைந்து பேரும் கை தட்டினார்கள். பல்செட் பெரியவர் உட்பட.

ஜூன் 20, சனி

அண்ணன்: "ஆளு யாரு? மீசைகூட இல்லாம?"

அண்ணி: "நீங்க வளத்துப் பாத்தது மறந்துபோச்சா? எறும்பு வரிசை மாதிரி இருந்துச்சு."

அத்தோடு அண்ணன் சம்மதம்.

நவம்பர் 8, ஞாயிறு

கூட்டம் சேர்க்கக் கூடாது, அதனால் கல்யாணம் வீட்டோடு முடிந்தது. வந்த அத்தனை பேருக்கும் அண்ணி தைத்த ஜன்னல். போட்டோவில் எல்லோருக்கும் பல் தெரிகிறது.

மார்ச் 7, ஞாயிறு

வெளியே மழை. உள்ளே சண்டை.

சண்டையில் எனக்கு ஒரு வசதி உண்டு: கண்ணை மூடிக்கொண்டால் போதும். எதிராளி தொண்டை கிழியக் கத்தினாலும் வீண். இன்று காலை அதைத்தான் செய்தேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். நான் கண்ணை மூடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. என் கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் விரலால் எழுத ஆரம்பித்தார். 'து'. கையால் துடைத்துவிட்டு, 'ண்'. துடைத்துவிட்டு, 'டை'. விரலில் மாவு வாசனை.

துண்டை எடுத்து உள் கொடியில் போட்டாயிற்று என்று சொல்ல வருகிறார். மூன்றாவது எழுத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கண்ணைத் திறக்கவில்லை. முழுக்க எழுதட்டும் என்று கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.