நான்கு பந்தில் ஐந்து சிவப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று போனில் சொன்னாய், அதைக் காதில் வாங்கிக்கொண்டேனே தவிர இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போனிலேயே கேட்காமல் இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். மழை, வெயில், அப்பாவின் முட்டி வலி என்று பேசுகிறவரை உன் குரல் கணீரென்று கேட்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தாய், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. சரியாக அந்தக் கேள்விகளுக்கு மட்டும் சிக்னல் போவதற்கு நிகழ்தகவு என்ன என்று நீயே போட்டுப் பார். காகிதத்துக்குச் சிக்னல் கிடையாது, அதனால் இதைக் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்குப் பள்ளிச் சீருடை வேலை வந்து குவிந்திருக்கிறது, கூடம் முழுக்க நீலத் துணி, கட்டில் மேலும் நீலத் துணி, ஊசியைத் தன் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு யார் எடுத்தது என்று என்னைப் பார்க்கிறார். எனக்குத் தேர்வு அடுத்த மாதம். மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டேன், கணக்குதான் பாக்கி, அதிலும் இந்தப் புள்ளியியலும் நிகழ்தகவும்தான் என்னைப் படுத்துகின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் மேற்பார்வை வேலை தரமுடியாது என்று மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், இந்த முறையும் கோட்டைவிட்டால் தையல் ஆலை வாசலில் நின்று பெண்களின் பையைத் துழாவுவதோடு என் காலம் ஓடிவிடும். அந்த மேலாளர் இப்போது ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறார். எல்லார் பையையும் பார்த்தால் நேரமாகிறதாம், அதனால் வேலை முடிந்து போகிறவர்கள் ஒரு துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு பந்து எடுக்க வேண்டும், பச்சை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் நான் சோதிப்பேன். பத்துப் பந்தில் இரண்டு சிவப்பு. பாடப்புத்தகமே நடந்து வாசலுக்கு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் குடைக்காரி இருக்கிறாளே, மழையோ வெயிலோ குடையில்லாமல் வரமாட்டாள், பொத்தான் பிரிவில் வேலை, அவளுக்கு மாதம் முழுக்கப் பச்சையாகவே வந்தது. எனக்கு ராசியான கை, அக்கா என்று சிரித்தாள். ராசிக்கும் ஒரு அளவு வேண்டாமா. பையைக் கவிழ்த்துத் தடவிப் பார்த்தேன், சிவப்புப் பந்து இரண்டும் வழவழவென்று இருக்கின்றன, பச்சை எல்லாம் சொரசொரப்பு. அவள் விரலுக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டது. மறுநாள் பந்தை ஒதுக்கிவிட்டுக் குடையை விரிக்கச் சொன்னேன், பொத்தான் அட்டைகள் உதிர்ந்தன. புத்தகத்தில் பார்க்காமல் எடுத்தால் என்றுதான் போட்டிருக்கிறார்கள், தடவாமல் எடுத்தால் என்று போடவில்லை. அன்றிலிருந்து எது ஒரே பக்கமாக விழுந்தாலும் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிறேன்.

உன் சரி குறிகளும் அப்படித்தான் விழுகின்றன. ஞாயிறுதோறும் நீ பத்துக் கணக்கு அனுப்புகிறாய், நான் போட்டுப் படமெடுத்து அனுப்புகிறேன், நீ திருத்தி அனுப்புகிறாய். ஆரம்பத்தில் பாதிதான் சரியாக வரும், ஓரத்தில் திட்டும் சேர்ந்து வரும், கூட்டிட்டு வகுக்க மறந்துட்டியேம்மா, வரிசைப்படுத்தாம எப்படிம்மா இடைநிலை கண்டுபிடிப்ப என்றெல்லாம். சில வாரமாகப் பத்துக்குப் பத்து. திட்டும் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. என் பெண்டாட்டி புத்திசாலி ஆயிட்டா என்று அப்பா வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு என்னைத் தெரியாதா, அதனால் ஒரு பொறி வைத்தேன். ஒரு பையில் ஐந்து பந்து, நான்கு சிவப்பு, ஒன்று நீலம், சிவப்பு வர நிகழ்தகவு என்ன என்று கேட்டிருந்தாய். விடை 4/5 என்று தெரிந்தே 5/4 என்று தலைகீழாக எழுதி அனுப்பினேன். நான்கு பந்து உள்ள பையில் ஐந்து சிவப்பு இருக்கிறது என்று சொல்வதுபோல அது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாதும்மா, தாண்டினா எங்கேயோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அதற்கும் சரி போட்டு அனுப்பினாய்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வயதானவள் ஆசைப்படுகிறாள், மனம் நோகாமல் எல்லாவற்றுக்கும் சரி போட்டுவை என்று அப்பாதான் உன்னிடம் சொல்லியிருப்பார் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். தப்பா அளவு எடுத்து நல்லாயிருக்குன்னு சொன்னா சட்டை யாருக்குடி சேரும், நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன் என்றார். அவர் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் என்பது உனக்கும் தெரியும், காது எப்போதும்போலத்தான் இருந்தது. அப்படியானால் இது உன் வேலைதான் என்று நீ அனுப்பிய கணக்குகளை முதலிலிருந்து எடுத்து, வாசலில் பையைக் கவிழ்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். முதலில் வந்தவை புத்தகக் கணக்குகள், நாணயம், பகடை, வகுப்பு மாணவர்களின் உயரம். புத்தகம் தீர்ந்ததும் நீயாகவே கணக்கு உண்டாக்க ஆரம்பித்திருக்கிறாய். வாசலில் இத்தனை வருஷம் நின்றதில் ஒன்று தெரிந்துகொண்டேன், அவசரத்தில் கதை கட்டுகிறவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது, கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். ஒரு பெட்டியில் பத்து ஜோடி கையுறை, மூன்று ஜோடி கிழிந்தவை, பார்க்காமல் எடுத்தால் நல்ல ஜோடி கிடைக்க நிகழ்தகவு என்ன என்று ஒரு கணக்கு. குளிர்பதனக் கிடங்கின் ஐந்து நாள் வெப்பநிலை −18, −20, −19, −22, −21, வீச்சு காண்க என்று ஒன்று. நீ கிடங்கின் அலுவலகத்தில் மேசை வேலை என்றல்லவா சொன்னாய், மேசைக்கு எதற்குக் கையுறை. ஓர் அறையில் ஆறு பேர், கட்டில் இரண்டு, சீட்டுக் குலுக்கினால் ஒருவனுக்குக் கட்டில் கிடைக்க நிகழ்தகவு என்ன என்று இன்னொன்று. மூன்றில் ஒன்று என்று நான் குஷியாக விடை எழுதியிருக்கிறேன், என்னை என்ன சொல்வது. தனி அறை என்று நீ அனுப்பிய படத்தை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். உன் தலைக்குப் பின்னால் ஆணியில் வரிசையாகச் சட்டைகள் தொங்குகின்றன. தோள் அகலத்தைப் பார்த்தார், கையை அகட்டி அளந்து பார்த்தார், இது ஒருத்தன் சட்டை இல்ல என்று சொல்லிவிட்டுத் தையல் இயந்திரத்தில் போய் உட்கார்ந்தார், மிதிக்கவே இல்லை.

கடைசியாக ஒன்று கிடைத்தது. ஒரு தொழிலாளி ஒரு வாரத்தில் தூங்கிய மணி நேரம் 4, 5, 3, 4, 6, 4, 2, இதற்குச் சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் காண்க. சராசரி நான்கு. இடைநிலை நான்கு. முகடும் நான்கு. எந்த வழியில் போனாலும் நான்கைவிட்டு வெளியே வரமுடியவில்லை. அப்போதுதான் 5/4-க்கு எப்படிச் சரி விழுந்தது என்று புரிந்தது. நீ எனக்குச் செல்லம் கொடுக்கவில்லை, கண்ணைத் திறக்க முடியாமல் திருத்தியிருக்கிறாய். அந்த நான்கு மணி நேரத்தில் என் பத்துக் கணக்கும் எவ்வளவு தின்றிருக்குமோ. கோபமும் அடங்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி எங்களை நிம்மதியாகத் தூங்க வைத்துவிட்டு நீ மட்டும் விழித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். சமாதானம் எதுவும் எழுதாதே, அடுத்த வாரம் ஒவ்வொரு நாளும் தூங்கியது எவ்வளவு என்று ஏழு எண் மட்டும் எழுதி அனுப்பு. எல்லாம் எட்டு எட்டு என்று வந்தால் குடைக்காரியிடம் செய்ததைத்தான் உன்னிடமும் செய்வேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து நிற்பேன். கிழிந்த கையுறையைப் போடாதே, நல்லது கொடுக்கச் சொல்லிக் கேள், கேட்டால் யாரும் தலையை எடுத்துவிட மாட்டார்கள். வேறு இடமோ வேறு வேலையோ அங்கேயே தேடுகிறாயா, இல்லை கிளம்பி வருகிறாயா, இரண்டும் எனக்குச் சமவாய்ப்புதான், எதைச் செய்தாலும் தலைகுனிவு ஒன்றுமில்லை. அப்பா இன்று காலை யாரும் சொல்லாமலே கட்டில் மேலிருந்த நீலத் துணியையெல்லாம் எடுத்துத் தரையில் அடுக்கினார். அந்தக் கட்டிலுக்கு யாரும் சீட்டுக் குலுக்க வேண்டியதில்லை, உனக்கு அது கிடைக்க நிகழ்தகவு ஒன்று.

என் தேர்வைப் பற்றிக் கவலைப்படாதே, தப்பு எது என்று தெரிந்தே தப்பு எழுதத் தெரிந்தவள் தேறிவிடுவாள். நோய்நொடி இல்லாமல், வயிறார உண்டு, கண்ணார உறங்கி, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே, இந்த ஞாயிறு எனக்குக் கணக்கு அனுப்ப வேண்டாம், அந்த நேரத்தில் படுத்துத் தூங்கு.

நீ சுகம் என்று சொன்னதை இன்னும் நம்பாத,
உன் அம்மா