சரிபார்த்தவர் கட்டத்தில் உங்கள் பெயர்

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு முபீனாவின் ஸலாம். மாமா, மாமி, நம் மகள் ஷர்மின் எல்லோரும் சுகம். ஷர்மினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். போனில் பேசினால் வீடே கூடி உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் நாளை நீங்கள் இருக்கும் தோஹாவுக்கு விமானம் ஏறும் அடுத்த வீட்டு சேக் பரீத் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அண்ணனின் கட்டட டிராயிங் ஆபீஸுக்காக நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமை நீங்களே மெச்சினீர்கள். தரைத்தளம், மாடிப்படி, பீம் என்று ஒரே படத்துக்குள் பெயரிட்டு வைத்த வியூக்களை அதுவே திறந்து பிரிண்டுக்கு அனுப்பும். மூலையில் விவரக் கட்டங்கள் இருக்கும் டைட்டில் பிளாக்கில் பார்ட்டி பெயர், தேதி எல்லாம் அதுவே நிரப்பும். முன்பு கையால் ஒவ்வொரு வியூவாகத் திறக்கும்போது கண்ணும் கூடவே போகும். இப்போது யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் ‘சரிபார்த்தவர்: முபீனா, பி.இ.’ என்று விழுகிறது. கேட்டால் உங்கள் அண்ணன், “படிச்ச புள்ள பேரு இருந்தா பார்ட்டிக்கு ஒரு நம்பிக்கைம்மா” என்கிறார்.

போன வாரம் கோம்பை டியூஷன் சென்டரின் மாடி ஹால் படத்தை மடிக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. தேவதானப்பட்டிக் கடைக்குப் போட்ட படத்தை நகலெடுத்து ஹாலை அகலமாக்கியிருக்கிறார்கள். பீம் லேபிளில் அந்தச் சின்னக் கடையின் கம்பியும் கனமும் அப்படியே நிற்கின்றன! நீங்கள் சைட் இன்ஜினியர், இந்த அகலத்தை அந்த பீம் தாங்காது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். அந்த ஹாலில் உட்காரப் போவது பிள்ளைகள்.

உங்கள் அண்ணனிடம் ஓடினேன். “அதெல்லாம் சைட்டுல மேஸ்திரி பாத்துக்குவாக. படம் போயிருச்சு, இப்பப் போயி தப்புன்னு சொன்னா எவன் நம்மகிட்ட வருவான்?” என்றுவிட்டார். மாமியோ, “மூத்தவுக சொன்னா கேட்டுக்கம்மா, வீட்டுக்குள்ள எதுக்கு வம்பு” என்கிறார். ஆபீஸும் அவர்களுடையது, நான் படுக்கும் அறையும் அவர்களுடையது. எங்கே போய் முட்டிக்கொள்வேன் சொல்லுங்கள்.

கோபத்தில் புரோகிராமிலிருந்து என் பெயரை அழித்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் அந்தக் கட்டத்தில் ‘தௌபீக், பி.இ.’ என்று இருக்கிறது. உங்கள் அண்ணன் சிரித்துக்கொண்டே, “தம்பி பேருதான, அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்” என்றார்.

உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரையே திரும்பப் போட்டுவிட்டேன், மச்சான். உங்கள் பெயரை அந்தக் கட்டத்தில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கோம்பையில் அந்த ஹாலுக்குக் கான்கிரீட் போடுகிறார்களாம். வியாழன் மாலை வரை உங்கள் போனுக்காகக் காத்திருப்பேன். எனக்கல்ல, அண்ணனுக்குப் பேசுங்கள். இல்லையென்றால் ஷர்மினைக் கையில் பிடித்துக்கொண்டு நானே கோம்பைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு இந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது, தெரியும்.

நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள் என்று உங்கள் அண்ணன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். அல்லாஹ் அவர் சொல்லைப் பொய்யாக்கட்டும்.

உங்கள்
முபீனா