ஆறு திருப்பித் தராதவர்

ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் சுகம். உன் பல்வலி குறைந்ததா? டாக்டர் பிடுங்கச் சொன்னால் பிடுங்கிவிடு, பல்லோடு மல்லுக்கட்டாதே.

இங்கே மலையில் பனி உருகுகிறது. ஆறு சாம்பல் கரைத்த மாதிரி இறங்குகிறது. அந்த இரைச்சலில், மருந்தகத்தில் என்னிடம் வருகிறவர்கள் தங்கள் வயிற்றுவலியை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்கிறார்கள்.

வெள்ளம் பழைய பாலத்தையும், அதன் மேல் நின்று தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்த உன் அண்ணனையும் கொண்டுபோய் ஏழு வருடம். இப்போதுதான் புதுப் பாலம் எழும்புகிறது. அதைக் கட்டுகிற மேஸ்திரி கண்ணில் தூசி என்று வந்தார். எடுத்துவிட்டேன். மறுவாரம் இன்னொரு கண்ணில் தூசி. அப்புறம் தூசியே இல்லாமல் வந்து நின்றார். "பாலம் முடிஞ்சாலும் இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து. நீங்க என்ன சொல்றீங்க?"

உன்னிடம் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. உங்கள் கடிதம் அதைவிட வலித்தது.

அண்ணன் உடம்பு கிடைத்ததா? நீங்கள் பார்த்தீர்களா, நான் பார்த்தேனா? அடிபட்டு, நினைவு தப்பி, யார் வீட்டிலாவது இருந்தால்? நாளைக்கே வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது, அந்த மேஸ்திரியா? உங்களுக்கு இன்னொருவர் கிடைக்கலாம். எனக்கு இன்னொரு அண்ணன் எங்கே கிடைப்பான்?

இதற்கு மேல் எழுதினால் மரியாதை தவறிவிடும்.

உங்கள் நாத்தனார்


மே 2

சின்னவளே,

கோபித்துக்கொள். உனக்கில்லாத உரிமையா?

முதல் இரண்டு வருடமும் லீவு கிடைத்தபோதெல்லாம் நான் ஆற்றோடு கீழே நடந்தேன். இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வரும் மலை, ஒரு இடத்தில் சட்டென்று விலகும். அங்கே ஆறு களைத்துப்போய் வளைகிறது. கொண்டுவந்ததையெல்லாம் அந்த மணலில்தான் போடும். ஒரு காலத்தில் மேலே காடு வெட்டியவர்கள், மரங்களை மிதக்கவிட்டு அவற்றின் மேலேயே நின்று வருவார்களாம். வழுக்கி விழுந்தவர்களின் உடல்கள் அந்த வளைவில்தான் ஒதுங்குமாம். யார், எவர் என்று தெரியாமலே அந்தக் கரைக்காரர்கள் அடக்கம் செய்து கல் நட்டிருக்கிறார்கள். மேடு முழுக்கப் பெயரில்லாத கற்கள். இன்றைக்கும் அவற்றின் மேல் புல் மண்ட விடுவதில்லை.

அங்கிருக்கும் படகுக்கார அம்மா ஒருவரிடம் உன் அண்ணன் போட்டோவைக் காட்டினேன். "இந்த முகம் வரலம்மா. வந்திருந்தா நாங்க விட்டிருக்க மாட்டோம்" என்றார். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம் தேடப் போகவில்லை.

மேஸ்திரியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணனை மறந்து அல்ல. ஏழு வருடமாகக் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டேன், கண்ணு. இனி எதிரே ஒரு ஆளைப் பார்த்துச் சாப்பிட வேண்டும் போல இருக்கிறது.

ஜூன் கடைசியில் பதிவுத் திருமணம். நீ வந்தால்தான் எனக்கு நிறைவு. வராவிட்டாலும் உனக்கு எழுதாமல் இருக்க மாட்டேன்.

உன் அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணி,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்தது வீம்புதான்.

போன வாரம் பஸ் ஏறி, உங்களுக்குச் சொல்லாமல் அந்த வளைவில் இறங்கினேன். படகுக்கார அம்மா, "யாரைத் தேடுற?" என்று கேட்டார். "எங்க அண்ணனை" என்றேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. களைக்கொத்தைக் கையில் கொடுத்து, "அந்த ஓரம் இன்னும் பாக்கி" என்றார்.

சாயங்காலம் வரை புல் செதுக்கினேன். யார் யாருடைய அண்ணன்மாரோ. நடுவில் எப்போது அழத் தொடங்கினேன் என்றே தெரியவில்லை. அழுதால் அண்ணனை நானே சாகடித்த மாதிரி ஆகிவிடும் என்று இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தேன். முகம் வீங்கிப்போனதால் அன்றைக்கு உங்களிடம் ஏறி வரவில்லை. பதிவுக்கு வருகிறேன்.

ஒரு சந்தேகம். அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? அண்ணா என்று வாய் வராது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். மேஸ்திரி என்றே கூப்பிடுகிறேன்.

உங்களை மட்டும் எப்போதும் அண்ணி என்றே கூப்பிடப்போகும்,
சின்னவள்