கீவ் நகரத்துப் பால்

1993 ஜூன் 5, சனி
பதுளை. காலை முதல் காற்று ஓயவில்லை. கொடித்துணிகளில் புழுதி. வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், கற்பூரம், தம்பியின் சட்டைக்குப் பொத்தான்.

செர்னோபில் அணு உலை வெடித்தபோது தம்பி லோகநாதன் கீவ் நகரில் பொறியியல் மாணவன். ஏழாண்டுகள் கழிந்தும் அச்சம் கழியவில்லை. கதிரியக்கம் தைராய்டு சுரப்பியைத் தாக்கும் என்று கேட்டதிலிருந்து கை எந்நேரமும் கழுத்தில். மனைவி கௌரிக்குப் பிள்ளை வேண்டும். அவனோ, "நோய் வந்து நான் போயிட்டா அத யாரு பாக்குறது?" என்கிறான்.

ஜூன் 7, திங்கள்
மூவரும் டாக்டரிடம். யாழ்ப்பாணத்தவர். அன்று உடலுள் புகுந்த கதிரியக்க அயோடின் எப்போதோ சிதைந்துவிட்டதாம். இன்று எக்கருவிக்கும் அகப்படாது. உடல் ஏற்ற அளவை அவனைக் கேட்டுத்தான் கணிக்க வேண்டும். 'டோஸ்' என்றார். 'ஏற்பளவு' என்றேன். அகராதி வாசித்தே கற்றவள் நான்.

எங்கே உறங்கினான், எவ்வளவு நேரம் வெளியில், என்ன கீரை தின்றான் என்று கேள்விகள். ஞாபகமே அளவுகோல்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிச்சனீர்?"

தம்பி கௌரியைப் பார்த்தான். "ரெண்டு கிளாஸ், டாக்டர். சின்ன வயசுலருந்தே பழக்கங்க."

கணக்கு பெரிதாக வந்தது. "பால்தான் கூட்டிப்போட்டுது. மாடு புல்லைத் திண்டால் அயோடின் பாலிலை வரும். வருசா வருசம் கழுத்தைக் காட்டும்."

பேருந்தில் கௌரி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

ஜூன் 8, செவ்வாய்
சின்ன வயதிலிருந்தா? மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் எங்கள் பசு கறந்ததெல்லாம் கடைக்கு. எங்களுக்குப் பாலில்லாத சாயத்தண்ணி, உள்ளங்கையில் சீனி. ஒரு பொங்கலுக்கு அம்மா பால் கொடுக்க, குடித்ததும் வாந்தி எடுத்தவன் இவன்.

"கீவ்ல பால் குடிச்சியாடா?"

"இல்லக்கா. அங்கயும் வெறுந்தேத்தண்ணிதான். வாடையே ஆகாது."

"பின்ன ஏன்டா?"

"அவ வீட்டுல மூணு பசு. கல்யாணத்தப்ப நானும் பால்லதான் வளந்தேன்னு சொல்லிட்டேன். இப்ப ஏன் குடிக்கலன்னு கேட்டா, கீவ்லயே குடிச்சு அலுத்துருச்சுன்னு..."

சினம் மூண்டது, நிலைக்கவில்லை. லயத்தில் பால் காணாத பிள்ளை என்று தெரியாதிருக்க, டாக்டரின் கணக்கில் தன் கழுத்தில் தானே விஷத்தை ஏற்றிக்கொண்டான்.

"அப்ப உன் உண்மையான அளவு?"

"தெரியலக்கா. பயமாத்தான் இருக்கு."

கௌரியிடம் நீயே சொல் என்றேன்.

ஜூன் 9, புதன்
சொல்லிவிட்டான். அடுக்களையில் அவள் குரல்: "அட, இதுக்கா என்னைய அழ வச்சீங்க!" பாத்திரம் ஒன்று விழுந்த ஓசை. பின்னர் சிரிப்பு.

பொத்தான் தைத்தாயிற்று.

ஜூன் 11, வெள்ளி
டாக்டர் பாலை நீக்கி மீண்டும் கணித்தார். மிகச் சிறிய அளவு. "முதலே சொல்லியிருக்கலாமெல்லே, ஐசே!"

மாலை. கௌரி மூவருக்கும் சாயத்தண்ணி ஊற்றினாள். தம்பியின் உள்ளங்கையில் சீனி வைத்தாள்.

"புள்ள பொறந்தா அதுக்கும் இதுதானா?"

கழுத்திலிருந்து கையை எடுத்தான். "அதுக்குப் பால் குடு. வேணாம்னா விட்டுரு."