கண்ணால் பார்த்தது சான்று ஆகாதாம்

மார்ச் 2

என் அருமை வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசினால் உன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான், அதனால்தான் தபால்.

முதலில் பிள்ளைகள் சேதி. மூத்த பேரன் கப்பலில் இன்ஜினியர் ஆகிவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எப்படிடா இன்ஜின் பார்ப்பே என்று உன் அண்ணன் இருந்திருந்தால் கேட்டிருப்பார். இரண்டாமவன் லாரி லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கினான். கடைக்குட்டி ஓட்டப் பந்தயத்தில் ஒரு ஷூ கழன்று போயும் முதலில் வந்தாள். பேத்தி கல்லூரிக்காரி இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். இன்டர்நெட்டில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதாம். உலகத்தில் உள்ளதெல்லாம் அதில் இருக்குமாம். சம்பளம் இல்லை, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதில் எழுதுகிறாள்! தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன் வேலை பார்த்த பஸ் கம்பெனிக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் அவருக்கு ஒரே ஒரு வரி. ‘குடிபோதையில் தொழிலாளர்கள் மோதிக்கொண்டதில் ஒரு மெக்கானிக் இறந்தார்.’ சோடா குடித்தாலே தும்முகிற மனுஷன், அவருக்குக் குடிபோதையாம்!

கல்லூரிக்காரி அதை அழித்துவிட்டு, ‘முதலாளி ஏவிய ஆட்கள் ஷட்டரை இறக்கிவிட்டுக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள்’ என்று எழுதினாள். காபி ஆறுவதற்குள் பழைய வரி திரும்பி வந்துவிட்டது. மறுபடி எழுதினாள், மறுபடி போயிற்று. அப்புறம் எச்சரிக்கை வந்தது. அங்கே பல வருஷமாக எழுதுகிற ஒருவர்தான் அழிக்கிறவர். நாங்கள் அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறோம். பழைய வரிக்கு அந்தக் காலத்துப் பத்திரிகை சான்றாம். உங்கள் வரிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். “எங்க பாட்டி சொன்னாங்க” என்று இவள் எழுதியிருக்கிறாள். குடும்பத்தார் சொல்வது போதாது அம்மா, வெளியாள் யாராவது விசாரித்து அச்சில் வந்திருக்க வேண்டும் என்கிறார். ஆள் மட்டும் கையில் கிடைத்தால் முதுகில் நாலு வைப்பேன்.

ஒரு பத்திரிகைக்காரப் பெண் விசாரித்து எழுதத் தயாராக இருக்கிறாள். நேரில் பார்த்தவர் பேச வேண்டுமாம். நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன். ஷெட் கேன்டீனில் டீ போட்டுக்கொண்டிருந்தவள் நீ. நீ பேசுவாயா?

உன் அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். என் கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது.

மற்றதைக் கேட்காதீர்கள். என் மகன் இன்றைக்கு அந்த ஷெட்டுக்கே சூப்பர்வைசர். முதலாளி கொடுத்த வீட்டில்தான் இதை எழுதுகிறேன். செத்தவருக்கு ஒரு வரி வேண்டும் என்று, இருக்கிறவன் சோற்றில் மண்ணைப் போடச் சொல்கிறீர்கள். என் அண்ணன் இருந்தால் இப்படிக் கேட்பாரா?

நான் எதையும் பார்க்கவில்லை. அப்படித்தான் அன்றைக்குப் போலீசிலும் சொன்னேன்.

வாலு


மார்ச் 19

வாலுவுக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காதே.

உன் பதிலைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நீ இல்லாவிட்டால் நாங்கள் இல்லையா? வீட்டில் இருக்கிற எல்லாரையும் உட்காரவைத்து அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஆளுக்கு ஒரு கணக்குத் தொடங்கச் சொன்னேன். மகன், மருமகள், லாரிக்காரன், கடைக்குட்டி கூட. எல்லாரும் கல்லூரிக்காரியின் வரியையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். “பாட்டி, ஊர்வலம் போறதெல்லாம் அங்கே ஆகாது” என்று கல்லூரிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. ஒற்றை விரலால் நானே தட்டி, ‘செத்தவர் என் புருஷன், கொன்றவன் முதலாளி’ என்று, எழுதுகிறவர்கள் விவாதிக்கிற பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதில் போட்டேன். கருத்துக்குக் கீழே கையெழுத்திடவும் என்று இருந்தது. அரைகுறையாக விடுகிறவளா நான்? கடிதத்தில் போடுவதுபோல வீட்டு எண், தெரு எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன்.

ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேரா, எல்லாம் ஒரே ஆளின் கைப்பாவைக் கணக்குகள் என்று அத்தனை பேரையும் தடை செய்துவிட்டார்கள். கல்லூரிக்காரியையும் சேர்த்துத்தான். விலாசத்தை வாத்தியார் பார்த்ததுமே அழித்து, ‘அம்மா, இப்படிச் செய்யாதீர்கள், ஆபத்து’ என்று எழுதினார். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

போன ஞாயிறு மத்தியானம் ஹெல்மெட்டோடு ஆட்கள் வந்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள். டிவியை உடைத்தார்கள். வாசலில் நின்ற ஸ்கூட்டர்மேல் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். “எழுதினவ எவடி?” என்று ஒருவன் கேட்டான். “நான்தான்டா, வா” என்று நான் விளக்குமாற்றோடு முன்னால் போனேன். என் தோளைப் பிடித்து ஒருவன் நகர்த்தினான். “அத்தை, நீங்க ஓரமா போங்க” என்றான்.

வாலு, ஹெல்மெட் முகத்தைத்தான் மறைத்தது. என்னை அத்தை என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான்.

நான் திகைத்து நின்ற அந்த நேரத்தில் இன்னொருவன் கல்லூரிக்காரியின் கையை மேஜைமேல் வைத்துக் கம்பியை இறக்கினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. விறகு முறிக்கிற மாதிரி இருந்தது. மாவுக்கட்டு முழங்கை வரைக்கும் போட்டிருக்கிறார்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். உன் மகனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு நடை பழக்கினவள் நான். என்ன செய்யட்டும் என்று நீயே சொல்.

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணி,

உங்கள் கடிதத்தை அவன் கையில் கொடுத்து, சத்தமாகப் படிடா என்றேன். ‘அத்தை’ வந்ததும் நிறுத்திவிட்டான்.

“நான் கம்பியைத் தொடலைம்மா. நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“உங்க மாமாவை அடிக்கும்போது முதலாளியும் நின்னுக்கிட்டுத்தான்டா இருந்தாரு. நான் போட்டுக் குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டு.”

அண்ணி, நான் பார்த்தேன். ஷட்டர் இறங்கியதும் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஓவர்டைம் கேட்டு முன்னால் நின்றது அண்ணன்தான். “தலையில வேணாம், ஸ்பேனர் பிடிக்கிற கையில போடு” என்று முதலாளி சொன்னார். கையில் போட்டார்கள். அண்ணன் கத்தவில்லை, உடைந்த கையோடு எழுந்து ஷட்டரைத் தூக்கப் போனார். அப்புறம் தலை, முகம் என்று பார்க்கவில்லை. விழுந்த பிறகும் அடித்தார்கள். கடைசியில் சாராய பாட்டில் ஒன்றைத் திறந்து அவர் சட்டையில் ஊற்றினார்கள். அன்றைக்கு வந்த பத்திரிகைக்காரன் எழுதியது அந்த வாசனையைத்தான்.

இவ்வளவையும் அந்தப் பத்திரிகைப் பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன். என் பெயரைப் போட்டுக்கொள் என்றேன். அன்று சாயங்காலமே ஷெட்டில் தெரிந்துவிட்டது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடு என்று முதலாளி சொல்லிவிட்டாராம், மகன் பூட்டோடு வந்தான். “என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியே” என்று கையில் இருந்த பூட்டாலேயே அடித்தான். புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கிடக்கிறது. போனையும் உடைத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுத்த தாளில் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் கண்ணைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

அவனைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லிவிடுங்கள் அண்ணி.

வாலு


ஏப்ரல் 6

என் தங்கத்துக்கு,

சொல்லிவிட்டேன். அவனைப் பிடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். கன்னத்தில் ஒன்று கொடுத்தேன், போலீஸ்காரர் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து உனக்காக அழுதேன்.

பத்திரிகையில் முழுப் பக்கம் வந்திருக்கிறது. வாத்தியாரே அதைப் பார்த்து, யாரும் கேட்காமலே வரியை மாற்றிவிட்டார். ‘முதலாளி முன்னிலையில் இரும்புக் கம்பிகளால் தாக்கப்பட்டு இறந்ததாக நேரில் கண்ட ஊழியர் கூறியுள்ளார்’ என்று போட்டிருக்கிறார். கூறியுள்ளாராம்! ரத்தம் ஒரு சொட்டு இல்லை அந்த வரியில். கோபத்தோடு நாலைந்து தடவை படித்தேன், அப்புறம் கோபம் போய்விட்டது. குடிபோதை போய்விட்டதே. கல்லூரிக்காரியின் தடையையும் எடுத்துவிட்டார்கள். ‘கை சரியானதும் திரும்பி வாருங்கள், இங்கே ஆள் குறைவு’ என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். இடது கையால் ஒரு தவளையைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டாள். தவளைக்காக யாரும் அடிக்க வரமாட்டார்கள் இல்லையா.

ஆனால் நேற்று முதலாளியின் வக்கீல் பத்திரிகைக்கு நோட்டீஸ் விட்டிருக்கிறான். ஷெட்டில் டீ போட்ட இப்படி ஒரு பெண்ணே கிடையாது, கட்டுக்கதை, மறுப்புப் போடு என்கிறான். பத்திரிகை மறுத்தால் வாத்தியாரும் வரியை எடுத்தாக வேண்டும். உன் அண்ணன் மறுபடியும் குடிகாரர் ஆகிவிடுவார். ஆளைக் காட்டுங்கள் என்று பத்திரிகைப் பெண் கேட்கிறாள். என்னிடம் இருப்பது நீ கல்யாணத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். அதை வைத்து யாரும் நம்பமாட்டார்கள்.

லாரிக்காரன் லோடு இறக்கிவிட்டு வெள்ளிக்கிழமை உன்னை அழைக்க வருகிறான். இனி நம் வீட்டில்தான் இருக்கிறாய், அதில் பேச்சு இல்லை. ஆனால் அதற்குள் தையலைப் பிரித்துவிடுவார்கள். ஆகவே இன்றைக்கே அந்த நர்ஸிடம் சொல்லிப் புதிதாக ஒரு படம் எடுத்துக்கொள். பவுடர் பூசாதே. முந்தானையால் மூடாதே. மூடிய கண்ணும் தையலும் நன்றாகத் தெரியட்டும். திறந்திருக்கிற கண்ணால் நேராகப் பார். எடுத்த கையோடு தபாலில் போடு.

உன் அண்ணி